இன்ஜின் இழுக்கிறது, சரி. நிறுத்துவது யார்?

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "என்னிடம் டபுள் கேபின் டீசல் பிக்கப் இருக்கிறது. 3,500 கிலோ வரை இழுக்கும் என்று விளம்பரத் தாளில் பார்த்துத்தான் வாங்கினேன். போன வருடம் 2,700 கிலோ எடையுள்ள குட்டி எக்ஸ்கவேட்டர் ஒன்று எடுத்தேன். ட்ரெய்லர் சங்கிலிகளோடு 800 கிலோ, அதன் தகட்டிலும் 3,500 என்றே இருக்கிறது. கூடுதல் பக்கெட்டுகள் 150 கிலோ, டீசல் கேன்கள் 60 கிலோ. பிக்கப்பின் பின்தட்டில் கருவிப் பெட்டி, கருவிகள், 200 லிட்டர் டீசல் டேங்க். கேபினில் மூன்று பேர். 200 கிலோ தானே கூட, ஐந்தாறு தடவை இழுத்துவிட்டேன், இன்ஜின் திணறவே இல்லை. ஒரே ஒரு தடவை இறக்கத்தில் 90-ல் போகும்போது ட்ரெய்லர் இடம் வலமாக ஆட ஆரம்பித்தது, வேகம் குறைத்ததும் நின்றுவிட்டது. ட்ரெய்லர் பிரேக் கொஞ்சம் தாமதமாகத்தான் பிடிக்கும், ஆனால் வண்டி பிரேக்கே போதுமானதாக இருக்கிறது. பின்பக்கம் மட்டும் தாழ்ந்துபோகிறது. கூடுதல் ஸ்பிரிங் போட்டால் சரியாகிவிடுமா?" கூடவே வண்டியின் தகட்டையும் கையேட்டின் இரண்டு பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்.

வணக்கம். முதலில் நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங் போடாதீர்கள், அடுத்த வேலைக்கு அந்த ட்ரெய்லரை இப்படியே மாட்டிக்கொண்டு கிளம்பவும் வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் 200 கிலோ கூட என்று நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் 680 கிலோ.

எப்படி என்று பாருங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில், டேங்க் நிறைந்த காலி வண்டியின் எடை 2,200 கிலோ. வண்டி தன் சொந்த எடையோடு சேர்த்துச் சுமந்து நிற்கக்கூடிய மொத்த எடை வரம்பு 3,200. வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்து இருக்கக்கூடிய எடை 6,000. பின் அச்சின் வரம்பு 1,850, ட்ரெய்லரை மாட்டும் கொக்கியின் மேல் அழுத்தலாம் என்று அனுமதித்தது 350. விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருந்தது 3,500 என்ற ஒரே எண். மற்ற எண்களை யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை, ஆனால் உங்களையும் சாலையில் எதிரே வருகிறவரையும் காப்பாற்றுவது அவைதான்.

இப்போது கூட்டுவோம். மூன்று பேர் 240 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவிப் பெட்டி 120, கருவிகள் 200, டீசல் லிட்டருக்கு 0.84 கிலோ வீதம் 200 லிட்டர் கிட்டத்தட்ட 170, கொக்கியைத் தாங்கும் இரும்புச் சட்டம் ஒரு 40. காலி எடையோடு சேர்த்தால் 2,970. பின்னால் ட்ரெய்லர் 3,710. மொத்தம் 6,680. வரம்பு 6,000. நீங்கள் கணக்கில் எடுத்த 210 கிலோ இதில் ஒரு பகுதிதான், மீதி உங்கள் கேபினிலும் பின்தட்டிலும் உட்கார்ந்திருக்கிறது.

இதில் பலர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. ட்ரெய்லர் சரியாக 3,500 கிலோ இருந்தால் வண்டி அதிகபட்சம் 2,500 தான் இருக்க முடியும், அதாவது நீங்களும் இன்னொருவரும் கொக்கிச் சட்டமும் போக 100 கிலோதான் மிச்சம். முழு இழுவை, முழுச் சுமை இரண்டையும் ஒரே நேரத்தில் இந்த வண்டி கொடுக்காது. உங்கள் வண்டி மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம், இந்த அளவு பிக்கப்புகளில் பலவும் இப்படித்தான். அமெரிக்காவில் 2008-இல் எஸ்ஏஇ ஜே2807 என்று ஒரு பொதுச் சோதனை முறை வந்தது, அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தானே அளந்து தானே எண் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பொதுச் சோதனையில்கூட வண்டியில் இருப்பது ஓட்டுநரும் ஒரு பயணியும் மட்டும், தலா 68 கிலோ. டீசல் டேங்கும் கருவிப் பெட்டியும் அந்தக் கணக்கில் கிடையாது. சோதனை ஓட்டிய வண்டி வேறு, நீங்கள் ஓட்டுகிற வண்டி வேறு.

சரி, இனி அந்தத் தாழ்ந்த பின்பக்கம். ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் இறங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு, ஐரோப்பியப் பாணி ட்ரெய்லர்களில் இது குறைவாக இருக்கும். உங்களுடையதற்கு 10 சதவீதம் என்றாலே 370, அங்கேயே 350 வரம்பைத் தாண்டிவிட்டது. கொக்கி பின் அச்சுக்கு நேர் மேலே இல்லை, சுமார் 1.2 மீட்டர் பின்னால் துருத்திக்கொண்டிருக்கிறது, இரண்டு அச்சுகளுக்கும் இடையே 3.2 மீட்டர். கடப்பாரையைக் கல்லில் வைத்து நெம்புவது போலத்தான் இதுவும் வேலை செய்கிறது. அந்த 370 கிலோ பின் அச்சில் 509 கிலோவாக இறங்கும், கூடுதலாக வந்த 139 கிலோ முன் அச்சிலிருந்து தூக்கப்படும். ஸ்டியரிங் லேசாகிவிட்டது போல, வளைவில் முன் சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்காதது போல உங்களுக்குத் தோன்றியிருக்கிறதா? தோன்றியிருந்தால் காரணம் இதுதான். திருப்புவதும், பிரேக் அடிக்கும்போது பெரும்பகுதி வேலையைச் செய்வதும் முன் சக்கரங்கள். அவற்றின் மேல் இருக்க வேண்டிய எடையைத்தான் எடுத்துவிட்டோம்.

பின் அச்சில் எல்லாம் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன், சுமார் 2,120 கிலோ வருகிறது. வரம்பு 1,850. டயரின் பக்கவாட்டில் ஒரு எண் இருக்கும், அளவுக்குப் பக்கத்திலேயே, அதைக் கொஞ்சம் போய்ப் பாருங்கள். 110 என்றிருந்தால் அந்த டயர் சொல்லப்பட்ட முழுக் காற்றழுத்தத்தில் தாங்குவது 1,060 கிலோ. இரண்டு டயருக்கு 2,120. அதாவது ஒரு கிலோகூட மிச்சமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். காற்று கொஞ்சம் குறைந்திருந்தால், அல்லது பாரம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் முடிந்தது. டயர் அதிக பாரத்தில் பக்கவாட்டில் பிதுங்கிப் பிதுங்கி நிமிரும், அந்த நெளிவில்தான் சூடு வருகிறது, சூட்டில் உள்ளே ரப்பரும் கம்பி அடுக்கும் பிரிய ஆரம்பிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒரு மத்தியான வெயிலில், நேர்ச் சாலையில், நல்ல வேகத்தில் போகும்போது வெடிக்கும். ட்ரெய்லர் டயர்களுக்கும் இதே கதைதான், அவற்றில் பலவற்றுக்குத் தனியாக வேக வரம்பும் உண்டு, அதையும் பார்த்துவிடுங்கள்.

ஸ்பிரிங் விஷயத்துக்கு வருகிறேன். கூடுதல் ஸ்பிரிங் பட்டை போட்டாலும், ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப் பை வைத்தாலும் வண்டி நிமிர்ந்து நிற்கும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் டயர் மாறவில்லை, அச்சு மாறவில்லை, சக்கர பேரிங், பிரேக், சேஸிஸ் எதுவும் மாறவில்லை. வண்டி இடுப்பு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது, நாம் அதன் வாயை மூடிவிட்டோம், அவ்வளவுதான் நடந்திருக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. தொழிலுக்கு வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தது, உங்களைப் போலவே ஒருவர் பின்பக்கம் தாழ்ந்த பிக்கப்போடு வந்தார், அதிலும் டபுள் கேபின், அதிலும் பின்தட்டு நிறையச் சாமான், பின்னால் ட்ரெய்லர். எவ்வளவு எடை இழுக்கிறீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. கேட்டதைச் செய்து கொடுத்தேன், காற்றுப் பை வைத்து நிமிர்த்தி அனுப்பினேன். நாலைந்து மாதம் கழித்து வந்தார். கேபினுக்கும் பின்தட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி மேலே விரிந்து, கீழே குறுகியிருந்தது. சேஸிஸ் வளைந்துவிட்டது. மேடு பள்ளமான சாலையில் கொக்கி கீழே இழுக்க, நடுவில் காற்றுப் பை ஒரே புள்ளியில் மேலே தள்ள, இரும்பு எவ்வளவு நேரம்தான் தாங்கும். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது மட்டும்தான் ஆறுதல். அன்றிலிருந்து எடைச் சீட்டு பார்க்காமல் நான் யாருக்கும் ஸ்பிரிங் போட்டுத் தருவதில்லை.

எடையைப் பிரித்துத் தரும் ஹிட்ச் என்று ஒன்று இருக்கிறது, கம்பிகளை நெம்பி எடையில் ஒரு பகுதியை முன் அச்சுக்கும் ட்ரெய்லர் அச்சுக்கும் திருப்பி அனுப்பும். நல்ல சாதனம்தான், உங்கள் வண்டிக் கையேடும் ட்ரெய்லர் கையேடும் அனுமதித்தால் பயன்படுத்தலாம். ஆனால் அதுவும் 6,000-ஐ 6,680 ஆக்காது.

அந்த ஆட்டத்தைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தந்த வரி அதுதான், 680 கிலோவைவிட. ட்ரெய்லர் ஆடுவது பெரும்பாலும் எடை பின்னால் தள்ளி உட்கார்ந்திருப்பதால். எக்ஸ்கவேட்டரை ட்ரெய்லரில் ஏற்றி நிறுத்தும்போது ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்திலா நிறுத்துகிறீர்கள்? உங்கள் ட்ரெய்லரில் அச்சுக்கும் கொக்கிக்கும் இடையே 3.5 மீட்டர் இருக்கிறது என்று வைத்தால், 2,700 கிலோ இயந்திரம் வெறும் 30 சென்டிமீட்டர் பின்னால் நின்றாலே கொக்கியின் மேல் இருக்கும் எடை 230 கிலோ குறைந்துவிடும். 370 இருந்தது 140 ஆகிவிடும், 4 சதவீதத்துக்கும் கீழே. ஒரு முழங்கைக்கும் குறைவான தூரம் அது, கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அன்றைக்கு அப்படித்தான் ஏதோ ஆகியிருக்க வேண்டும், அல்லது பக்கெட்டுகளைப் பின்பக்கமாகப் போட்டிருப்பீர்கள்.

குறிப்பிட்ட ஒரு வேகம் வரை ஆட்டம் தானாக அடங்கும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும், மூன்று நான்கு ஆட்டத்தில் ட்ரெய்லர் வண்டியையே தூக்கித் திருப்பிவிடும். உங்கள் 90 அந்த எல்லைக்குப் பக்கத்தில் இருந்தது, இறக்கம் வேறு. மறுபடி எப்போதாவது ஆடினால் பிரேக்கைப் பலமாக மிதிக்காதீர்கள், ஆட்டத்துக்கு எதிராக ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பிச் சமாளிக்கவும் பார்க்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராக, உறுதியாகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் தனியாகக் கையால் பிடிக்கும் வசதி இருக்கும் வண்டியானால் அதை மெதுவாக அழுத்தலாம், பின்னாலிருந்து இழுத்து நேராக்கிவிடும். வேகத்தைக் கூட்டினால் நேராகிவிடும் என்று சிலர் சொல்வார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள்.

அடுத்து பிரேக். "வண்டி பிரேக்கே போதுமானதாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். இதுவரை நீங்கள் அவசரமாக நிறுத்த வேண்டிய நிலை வரவில்லை என்பதுதான் அதன் பொருள். வண்டியின் பிரேக் 3,200 கிலோவுக்காகச் செய்யப்பட்டது. பின்னால் வரும் எடையை ட்ரெய்லர் தன் பிரேக்கால் தானே நிறுத்திக்கொள்ள வேண்டும், அதனால்தான் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 750 கிலோவுக்கு மேல் பிரேக் இல்லாத ட்ரெய்லரை இழுக்கவே விடுவதில்லை. ட்ரெய்லர் பிரேக் வேலை செய்யவில்லை என்றால் 6,680 கிலோவையும் நிறுத்த வண்டியின் நான்கு டயர்கள் மட்டும்தான் சாலையைப் பிடிக்கின்றன, அவற்றின் மேல் இருப்பதோ மொத்த எடையில் பாதி. ஆக பிடிப்பும் பாதி. உலர்ந்த நல்ல சாலையில் 80 கி.மீ. வேகத்திலிருந்து 36 மீட்டரில் நிற்கக்கூடியது 72 மீட்டர் ஓடி நிற்கும், நீங்கள் பார்த்துக் காலை வைப்பதற்குள் போகும் 22 மீட்டர் தனி. வளைவில் என்றால் நிற்பதற்கு முன்பே ட்ரெய்லர் பின்னாலிருந்து தள்ளி வண்டியைக் குறுக்கே திருப்பிவிடும்.

இறக்கம் இன்னும் மோசம். 300 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரிய மலைகூட இல்லை. இன்ஜினும் காற்றும் எதையும் வாங்கிக்கொள்ளாமல் பிரேக்கிலேயே இறங்கினால், அதில் வரும் சூடு 80-லிருந்து முழுதாக நிறுத்துவதை ஏறக்குறைய 12 தடவை அடுத்தடுத்துச் செய்ததற்குச் சமம். நடுவில் ஆற நேரம் கிடையாது. டிஸ்க் கொதிக்கும், லைனிங் வழுக்க ஆரம்பிக்கும், பெடல் கல்லாக இருக்கும், வண்டி நிற்காது. அடுத்த கட்டம் பிரேக் ஆயில். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், ஈரம் ஏறியபின் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி. ஆவியை அழுத்தினால் சுருங்கும், பெடல் தரை வரைக்கும் போகும். அப்படிப் பெடல் போன ஒருவர் என்னிடம் அதைச் சொல்லும்போது அவருடைய கால் மறுபடி தரையை அழுத்திக்கொண்டிருந்தது, நடந்து வருடங்கள் ஆகியும்.

அதனால் இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கீழ் கியருக்கு வந்துவிடுங்கள், நடுவில் மாற்றலாம் என்று இருக்காதீர்கள். பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே போகாமல், தேவைப்படும்போது நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு விடுங்கள். ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று ஞாபகம் இல்லையென்றால் மாற்றிவிடுங்கள். தாமதமாகப் பிடிக்கும் ட்ரெய்லர் பிரேக்கை இந்த வாரமே கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் எந்த முடிவு எடுத்தாலும் சரி. தள்ளுவிசையில் பிடிக்கும் வகை என்றால் தண்டு துருப்பிடித்து இறுகியிருக்கும், அல்லது லைனிங் தேய்ந்து கம்பி தளர்ந்திருக்கும். மின்சார வகை என்றால் காந்தமும் வயரும். பெரும்பாலும் பெரிய வேலையாக இருக்காது.

கியர்பாக்ஸ், கிளட்ச், இன்ஜின் இவையும் சூட்டில் சீக்கிரம் தேயும், உண்மைதான், ஆனால் அது காசு போகிற விஷயம், அதை விட்டுவிடுகிறேன். கொக்கியில் ஒன்றை மட்டும் பாருங்கள். கொக்கிப் பந்தில் 47.6, 50.8 என்று மில்லிமீட்டர் கணக்கில் வெவ்வேறு அளவுகள் உண்டு, பெரிய பந்துக்கான வாய் சின்னப் பந்தின் மேலும் உட்கார்ந்து பூட்டிக்கொண்டது போலவே காட்டும். ஒரு நல்ல குழியில் எகிறிக் கழன்றுவிடும். பந்தின் மேலும் வாயின் மேலும் அளவு பொறித்திருக்கும், இரண்டும் ஒன்றா என்று படித்துப் பாருங்கள். அவற்றின் எடை வரம்பும் அங்கேயே இருக்கும், வண்டி, சட்டம், பந்து, ட்ரெய்லர் இதில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு. பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கொக்கிக்குக் கீழே குறுக்காக மாட்டுங்கள், கழன்றாலும் ட்ரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல் அதில் தொங்கும்.

காப்பீடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் உங்கள் பாலிசியை எடுத்து ஒரு தடவை படியுங்கள். வரம்பு மீறிய பாரம் என்று தெரிந்தால் பணம் தர மறுக்க அது ஒரு வழியாகிவிடலாம். அடிபட்டவர் வேறொருவர் என்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது என்ன செய்வது? உங்கள் தொழிலே அந்த இயந்திரத்தில் இருக்கிறது என்று தெரியும், வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல மாட்டேன். பக்கெட்டுகளையும் டீசல் கேன்களையும் ட்ரெய்லரிலிருந்து இறக்கினால் ட்ரெய்லர் சரியாக 3,500. பின்தட்டைக் காலி செய்துவிட்டு, கருவிப் பெட்டியையும் டீசல் டேங்கையும் உட்பட, நீங்களும் இன்னொருவரும் மட்டும் போனால் வண்டி 2,400. மொத்தம் 5,900, பின் அச்சில் சுமார் 1,560, கொக்கியில் 350. எல்லாம் வரம்புக்குள். மூன்றாவது ஆளும் மற்ற சாமான்களும் வேறு வண்டியில், அல்லது இரண்டாவது நடையில். இது வரம்புப்படி சரி, எப்போதாவது பக்கத்து வேலைக்குப் போக ஒத்துக்கொள்வேன். ஆனால் வாரம் இரண்டு மூன்று தடவை, தூரமாக, ஏற்ற இறக்கத்தில் என்றால் எல்லா வரம்பையும் விளிம்பில் வைத்து ஓட்டுவதை நான் விரும்ப மாட்டேன். இயந்திரத்தை மட்டும் லாரி வைத்து அனுப்பிவிட்டு, நீங்கள் கருவிகளோடு பிக்கப்பில் போவதுதான் என் முதல் யோசனை. ஒவ்வொரு வேலைக்கும் அந்த வாடகையைச் சேர்த்தே விலை சொல்லுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் எடை மேடைக்குப் போங்கள். நான் மேலே போட்டது எல்லாம் காகிதக் கணக்கு, உங்கள் எக்ஸ்கவேட்டர் உண்மையில் 2,700 தானா என்பதே தெரியாது, மண் ஒட்டிய இயந்திரம் தகட்டைவிடக் கூடவே இருக்கும். வழக்கமாக ஏற்றுவது போல எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, ஆட்களோடு போய், முதலில் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு, பிக்கப் முழுவதும் ஏறியபின் ஒரு சீட்டு, ட்ரெய்லர் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்போது ஒரு சீட்டு. அப்புறம் ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு பிக்கப்பை மட்டும் ஒரு தடவை. இரண்டாவது சீட்டுக்கும் கடைசிச் சீட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கொக்கியின் மேல் இறங்கும் எடை. மேடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னால் பொறுமையாகவே போட்டுத் தருவார்.

அந்த நான்கு எண்களையும், ட்ரெய்லர் அச்சிலிருந்து கொக்கி வரை டேப் வைத்து அளந்த நீளத்தையும், அன்றைக்கு இயந்திரம் எந்த இடத்தில் எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று ஒரு படத்தையும் அனுப்புங்கள். ட்ரெய்லர் தளத்தில் எக்ஸ்கவேட்டரின் சக்கரச் சங்கிலி எந்தக் கோடு வரை வர வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன், அங்கே பெயின்ட்டில் ஒரு கோடு போட்டுவிடலாம்.